முன் சக்கரம் பத்து, பின் சக்கரம் நான்கு

நகராட்சியின் வாகன நிறுத்தப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் தெருக் கண்காணிப்பாளராக இருந்தவரின் கதை இது. பெற்றோர் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது செலவாகவில்லை. அலுவலகத்திலும் தெருவிலும் அவர் பெயர் வால்வு.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். கடைத் தெருக்களில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரை நிறுத்தி வைக்கக் கூடாது என்பது விதி. எடுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்ப வந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அப்படியானால், நிற்கிற கார் போய் வந்த காரா, போகவே போகாத காரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு காலத்தில் டயரில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். பொதுமக்கள் ஈரத்துணியால் துடைத்தார்கள். கோடு போடும் பணியாளரும் துடைக்கும் பொதுமக்களும் ஒருவரையொருவர் பார்த்து வணக்கம் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நிலைமை முற்றியதும், நகராட்சி மூன்று கூட்டம் போட்டுப் புது முறையைக் கொண்டுவந்தது. டயருக்குக் காற்றடிக்கிற வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். சக்கரத்தைக் கடிகாரமாக வைத்துக்கொள்ள வேண்டும். முன் சக்கரத்தில் வால்வு பத்து மணியில், பின் சக்கரத்தில் நான்கு மணியில் என்று குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து வந்து பார்க்கும்போதும் அதே பத்து, அதே நான்கு என்றால் வண்டி அசையவில்லை. அபராதச் சீட்டைக் கிழித்து வைப்பர் அடியில் செருகிவிடலாம்.

மற்ற கண்காணிப்பாளர்களுக்கு இது வேலை. நம்மவருக்கு இது ஞானம். "மனுஷன் பொய் சொல்வான். சக்கரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டு, பத்தொன்பது ஆண்டுகளாக ஊரிலுள்ள கார்கள் அனைத்தையும் முழங்கால் உயரத்திலிருந்தே பார்த்து வந்தார். ஒன்றைத் தவிர கார்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அந்த ஒன்று, ஓட்டுவது. கார் என்ற பொருளை அவர் நின்ற நிலையில் மட்டுமே அறிந்தவர்.

ஞானம் அலுவலகத்தோடு நிற்குமா? அவருடைய குறிப்பேட்டுக்கு இரண்டு முகங்கள். முன்பக்கத்திலிருந்து தெரு, பின்பக்கத்திலிருந்து வீடு. காலையில் கிளம்பும் முன் வாசலில் கிடக்கும் வீட்டம்மாவின் செருப்பைக் குறித்துக்கொள்வார்: இடது பன்னிரண்டு, வலது ஒன்று. குளியலறையில் பல் துலக்கும் பிரஷ், மேசை மேல் தொலைக்காட்சி ரிமோட், அலமாரிச் சாவி எல்லாவற்றுக்கும் மணி உண்டு. சாயங்காலம் வந்து சரிபார்ப்பார். மாறியிருந்தால் கேள்வி வரும். "ரிமோட் மூணுல இருந்துச்சு. இப்ப அஞ்சுல இருக்கு. யாரு வந்தா?"

வீட்டம்மா காலையில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்த்துவிட்டு ஒரு மணிக்கு வீடு திரும்பிவிடுவார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கல்யாணமான புதிதில் இந்தக் கேள்விகளுக்கு வீட்டம்மா பதில் சொல்லிப் பார்த்தார். பிறகு சண்டை போட்டுப் பார்த்தார். கடைசியில், எடுத்த பொருளை எடுத்த இடத்தில் எடுத்த கோணத்திலேயே இம்மி பிசகாமல் வைக்கப் பழகிக்கொண்டார். பதினெட்டு ஆண்டுப் பயிற்சி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எழுந்து, திரும்ப வைத்தால், தரையில் கால் பதிந்த தடத்திலேயே நான்கு கால்களும் போய் நிற்கும். வீட்டில் எதுவுமே மாறாததைக் கண்டு வால்வுக்கு நிம்மதி வந்ததா என்றால், இல்லை. சந்தேகம்தான் வந்தது.

அந்த வருஷம் அவருக்கு நேரம் சரியில்லை. அவர் கிழித்த சீட்டுகளில் இரண்டு, முறையீட்டுக் குழுவில் ரத்தாகிவிட்டன. ஒரே வருஷத்தில் மூன்று முறையீடுகளில் தோற்றால் கண்காணிப்பாளரைத் தெருவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று விதி. எடுத்து எங்கே வைப்பார்கள்? தொலைந்த சாவிப் பிரிவில். பேருந்து நிறுத்தங்களிலும் பூங்காக்களிலும் கண்டெடுத்த சாவிகளை டப்பாக்களில் போட்டு, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் வைத்திருந்தார்கள். அங்கே போனவர் எவரும் வெயிலைப் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் கிடங்குச் சந்தில் அந்தச் சாம்பல் நிறக் கார் அவர் கண்ணில் பட்டது.

சந்தின் மறுமுனையில் பழைய கிடங்கின் சுவர். இடப்புறம் நடைபாதையை ஒட்டி வரிசையாகப் பதினான்கு வண்டிகள் நிற்கக் கட்டம் போட்டிருந்தார்கள். பதினான்காவது கட்டத்துக்கு அப்பால் அறுபது தப்படிக்கு மஞ்சள் கோடு. அங்கே நிறுத்தக் கூடாது, யாரும் நிறுத்துவதும் இல்லை. சாம்பல் கார் நின்றது பதினான்காவது கட்டத்தில். சொந்தக்காரர் பணி ஓய்வு பெற்ற அறிவியல் டீச்சர், எதிரேயுள்ள சலவைக் கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர். வால்வு அந்தச் சந்துக்கு மதியம் சரியாக இரண்டு மணிக்கு வருவார், பிறகு நாலே கால். இதில் ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆனதில்லை. எதிரே சலவைக் கடைக்காரர் இவரைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருத்துவார்.

இரண்டு மணி: முன் பத்து, பின் நான்கு. நாலே கால்: முன் பத்து, பின் நான்கு. சீட்டு. மறுநாளும் அதே பத்து, அதே நான்கு. சீட்டு. இப்படி ஒன்பது வேலை நாள். கார் வேர் விட்டுவிட்டதோ என்றுகூட ஒரு நாள் அடியில் குனிந்து பார்த்தார். பானெட் மட்டும் நாலே காலுக்குச் சுடச்சுட இருக்கும். வெயில் என்று எழுதிக்கொண்டார். வானம் மூடியிருந்த நாளிலும் வெயில் என்றே எழுதினார்.

பத்தாம் நாள் சூப்பிரண்டு கூப்பிட்டனுப்பினார்.

"யோவ் வால்வு, உன் டீச்சரம்மா ஒன்பது சீட்டையும் கிளிப் போட்டு முறையீடு குடுத்திருக்காங்க. கார் தினமும் நகருதாம்."

"காது குத்துறாங்க சார். ஒன்பது நாளும் பத்து, நாலு. சக்கரம் பொய் சொல்லாது."

"சக்கரம் வந்து சாட்சி சொல்லாதுய்யா. வர்ற புதன்கிழமை விசாரணை. இதுலயும் தோத்தா மூணு. அப்புறம் நீ சாவி எண்ணப் போக வேண்டியதுதான். நானே நெனச்சாலும் தடுக்க முடியாது."

"என்ன சார் பண்ணணும்?"

"ரெண்டுக்கும் நாலேகாலுக்கும் நடுவுல அங்கேயே இருந்து பாரு. வண்டி நகரலைன்னு கண்ணால பாத்தேன்னு எழுதிக் குடு. கதை முடிஞ்சுது."

வால்வுக்கு முகம் வாடிவிட்டது. சுற்று நேரத்தை மீறி ஒரு தெருவில் நிற்பதா? பத்தொன்பது ஆண்டில் காய்ச்சல் வந்தபோதுகூட அவர் அப்படி நின்றதில்லை.

அதே நாட்களில் குறிப்பேட்டின் பின்பக்கமும் நிரம்பிக்கொண்டிருந்தது. வீட்டம்மாவுக்குக் கழுத்து வலி, அதுவும் எப்போதும் ஒரே பக்கம். வலது செருப்பின் குதிகால் மட்டும் தேய்ந்திருக்கிறது, இடது அப்படியே. கண்ணாடியைப் பார்ப்பது முன்பு நாளுக்கு ஒரு தடவை, இப்போது கடந்து போகும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்க்கிறார். ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது பாட்டு. இத்தனைக்கும் வீட்டில் ஒரு பொருளும் ஒரு மணிகூட நகரவில்லை. இந்த ஐந்தையும் கூட்டி அடியில் கோடு போட்டு, விடையாக அவர் எழுதிய வார்த்தை: 'யாரோ.'

சந்தேகப் பட்டியலில் முதல் பெயர் சலவைக் கடைக்காரர். காரணம், அவர் வணக்கம் வைப்பது. வைக்கிறவன் ஏன் வைக்கிறான்? இரண்டாவது பெயர் கிளினிக் டாக்டர். காரணம், அவர் வணக்கம் வைக்காதது.

திங்கட்கிழமை இரண்டு மணிக்குச் சந்துக்கு வந்து சக்கரங்களின் மணியைக் குறித்துக்கொண்டு, போவது போல் போய், பின்வழியாகச் சலவைக் கடைக்குள் நுழைந்தார். சந்தேக நபரையே சாட்சிக் கூண்டாகப் பயன்படுத்துவது என்று முடிவு. உலரத் தொங்கவிட்டிருந்த நீளக் கோட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"சார், அது ஈரம்," என்றார் கடைக்காரர்.

"நான் இங்க இல்ல. நீ உன் வேலையைப் பாரு."

"சரிங்க சார். இல்லாதவருக்கு ஒரு ஸ்டூல் போடட்டுமா?"

இரண்டு இருபதுக்கு டீச்சர் கைத்தடியோடு மாடிப்படி இறங்கி வந்து நடைபாதையில் நின்றார். கோட்டுகளின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே இரண்டு சாண் இடைவெளி. அதன் வழியாக வால்வுக்குத் தெரிந்தது தெருவும் சக்கரங்களும் மட்டுமே. அவருக்கு அது போதும், உலகத்தை அவர் பார்த்ததே அந்த உயரத்தில்தான். அந்த இடைவெளிக்குள் ஒரு ஜோடி செருப்பு வந்து நின்றது.

முகத்தைவிட அந்தச் செருப்பை அவருக்கு நன்றாகத் தெரியும். இடது, புதுசு மாதிரி. வலது, குதிகால் தேய்ந்தது.

கார்க் கதவு திறந்தது. செருப்புகள் உள்ளே போயின. சாம்பல் கார் ஒரு குலுக்குக் குலுங்கி, இருமி, மஞ்சள் கோட்டை ஒட்டி நேராக முன்னே போயிற்று. கிடங்குச் சுவருக்குப் பத்தடி முன்னால் நின்றது. பிறகு அதே வழியில் பின்னால் வந்தது.

"பின்னாடி பாரும்மா! என் மூஞ்சில என்ன இருக்கு, பின்னாடி பாரு!" என்று டீச்சர் கத்தினார். "கிளட்சை மிதிக்காதே, கெஞ்சு. ஆ... அப்படி!"

கடைக்காரர் இஸ்திரி போட்டபடியே பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷத்தில் ஆரம்பித்தார். "மூணு வாரமா நடக்குது சார். நேரா போவாங்க, நேரா வருவாங்க. திருப்ப இன்னும் கத்துக்கல. பழகுநர் உரிமம் எல்லாம் எடுத்துட்டாங்க, முறையாத்தான்."

"யாரு அந்தம்மா?" வால்வின் குரல் கோட்டுக்குள்ளிருந்து வந்தது.

"தெரியாது சார். புருஷன் ஏதோ பயங்கரமான ஆளாம். கார் ஓட்டக் கத்துக்கிறேன்னு சொன்னா, எங்க போறதுக்குன்னு கேப்பாராம். இவங்களும் பதினோரு தடவை கேட்டுப் பாத்தாச்சாம். அதான் சொல்லாம கத்துக்கிறாங்க."

"இந்தச் சந்துல ஏன்?"

"அதுதான் சார் தமாஷ். அந்த ஆளு வேலையா இந்தச் சந்துக்கு ரெண்டு மணிக்கு வருவாராம். போனா நாலே காலுக்குத்தான் திரும்ப வருவாராம். நிமிஷம் தப்பாதாம். ஊர்லயே அவரு எப்ப வருவாருன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரே இடம் இது..."

கடைக்காரர் மெல்லத் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கோட்டுகளின் கீழே தெரிந்த இரண்டு அரசாங்கச் செருப்புகளைப் பார்த்தார். அவர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி யாருடைய சட்டையின் மேலோ அசையாமல் நின்றது. கருகல் வாசனை கிளம்பியது.

"சட்டை," என்றார் வால்வு.

"ஐயோ," என்றார் கடைக்காரர். அது சட்டைக்காகச் சொன்னதல்ல.

மூன்று நாற்பதுக்குப் பாடம் முடிந்தது. கார் பதினான்காவது கட்டத்துக்குள் பின்னால் வந்து நின்றது. வீட்டம்மா இறங்கினார், வால்வு கோட்டுகளை விரல் அளவு விலக்கிப் பார்த்தார். நடைபாதைக் கல்லில் ஓரிடத்தில் மூக்கு உடைந்திருந்தது. முன் சக்கரத்தையும் அந்த மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று விரல் இடைவெளி இருந்தது போலும். மறுபடி ஏறி, மூன்று விரல் நகர்த்தி, இறங்கி, குனிந்து பார்த்து, திருப்தியோடு சாவியை டீச்சரிடம் கொடுத்தார். பல் துலக்கும் பிரஷைக் குவளையில் வைக்கிற அதே தலைச்சாய்ப்பு.

அவர் போன பிறகு வால்வு வெளியே வந்து குனிந்தார். முன் சக்கரம் பத்து. பின் சக்கரம் நான்கு.

பத்தொன்பது ஆண்டு ஞானம் சாக்கடை மூடி மேல் வழுக்கியது. நேராகப் போய் நேராகத் திரும்பினால் சக்கரமும் போன வழியே சுழன்று பழைய இடத்துக்கு வந்துவிடும் என்பது ஓட்டத் தெரிந்த யாருக்கும் தோன்றும். நின்ற கார்களை மட்டுமே பார்த்தவருக்குத் தோன்றவில்லை. அப்படி வருவதற்கும் வண்டியை மயிரிழை பிசகாமல் பழைய இடத்தில் வைக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஊரில் அப்படி ஒருவர்தான் உண்டு. பயிற்சி கொடுத்தவர் இவரே.

அன்று சாயங்காலம் வீட்டம்மா தைலக் குப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கழுத்தா?"

"ஆமாங்க."

"பின்னாடி திரும்பித் திரும்பிப் பாத்தா வலிக்கத்தான் செய்யும்."

வீட்டம்மாவின் கை நின்றது. "நான் எதுக்குப் பின்னாடி பாக்கப் போறேன்?" என்றவர், ஓரடி நெருங்கி வந்து மூக்கை உறிஞ்சினார். "உங்க மேல என்ன சலவை சோப்பு வாசனை? ஈரமா வேற இருக்கு. எங்க போயிட்டு வர்றீங்க?"

பதினெட்டு ஆண்டில் அந்த வீட்டில் அந்தக் கேள்வியை அவர் கேட்டுத்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை. "சும்மா, சுத்துல," என்றார். சொன்ன விதம் அவருக்கே சந்தேகமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் யோசித்தார். வண்டி நகரவில்லை என்று எழுதிக் கொடுத்தால் தெரு மிஞ்சும், சூப்பிரண்டு மகிழ்வார், வீட்டம்மாவின் ரகசியமும் பத்திரம். கடைக்காரர் வாய் திறக்க மாட்டார். டீச்சர் ஒருவர்தான் ஒன்பது சீட்டுக்கும் அழ வேண்டும். நகர்ந்தது என்றால் சாவி டப்பா. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அப்படியும் அவர் யோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஆள் எங்கோ வசமாக மாட்டிக்கொண்டார் என்றுதான் தோன்றியது.

புதன்கிழமை முறையீட்டுக் குழு கூடியது. தலைவி ஒருவர், மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், கையெழுத்து மட்டும் போடும் கவுன்சிலர் ஒருவர். டீச்சர் எழுந்தார்.

"கார் தினமும் மதியம் ஓடிச்சு. ஓட்டினவங்க ஒரு அம்மா. பேரு சொல்ல மாட்டேன், வாக்குக் குடுத்திருக்கேன்."

"பேரில்லாத சாட்சியை வச்சு நாங்க என்னம்மா பண்றது?" என்றார் தலைவி.

"முப்பது வருஷம் பாடம் நடத்தினவ நான். நான் சொன்னா நம்புங்க."

"இங்க எல்லாரும் அதைத்தாம்மா சொல்றாங்க." தலைவி வால்வு பக்கம் திரும்பினார். "நீங்க திங்கட்கிழமை நேர்ல நின்னு பாத்தீங்களாமே. வண்டி நகர்ந்துச்சா?"

வால்வு எழுந்து குறிப்பேட்டைத் திறந்தார். சூப்பிரண்டு பக்கத்தில் உட்கார்ந்து, மேசைக்கு மேலே புன்னகைத்துக்கொண்டு, மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தார்.

"நகர்ந்துச்சு மேடம். முன்னாடி பதினேழு தடவை. பின்னாடி பதினேழு தடவை."

மிதி பலமாயிற்று.

"அப்புறம் சக்கரம் பழைய இடத்துல எப்படி வந்துச்சு?"

"நேரா போயி நேரா வந்தா வந்துடும் மேடம். அது எனக்குத் தெரியல." மிதிபட்ட காலை இழுத்துக்கொண்டார். "எனக்குக் கார் ஓட்டத் தெரியாது."

பொறியாளர் மின்விசிறியிலிருந்து பார்வையை இறக்கினார். வாகன நிறுத்தப் பிரிவின் வரலாற்றில் ஓர் அலுவலர் தனக்குத் தெரியாத ஒன்றைப் பதிவேட்டில் ஏற்றியது அதுவே முதல் தடவை. எந்தப் பத்தியில் எழுதுவது என்று எழுத்தருக்குத் தெரியவில்லை.

"ஓட்டினது யாருன்னு பாத்தீங்களா?"

வால்வு பக்கத்தைப் புரட்டினார். ஓட்டுநர் என்ற இடத்தில் எழுதியிருந்ததை வாசித்தார். "யாரோ ஒரு அம்மா. கவனமா ஓட்டினாங்க."

டீச்சர் அவரைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார். பரீட்சையில் பார்த்து எழுதாமலேயே பாஸான மாணவனைப் பார்க்கிற பார்வை அது.

ஒன்பது சீட்டுகளும் ரத்தாயின. வால்வு முறையை ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். அது அறிக்கை தரும் வரை நகராட்சிப் பணியாளர் எவரும் சக்கரத்தின் முன் குனியக் கூடாது என்று சுற்றறிக்கை போயிற்று. வால்வு சாவிப் பிரிவுக்குப் போனார்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் வீட்டம்மா அவருக்கு ரசம் ஊற்றினார். பிறகு, "டீச்சர் போன் பண்ணாங்க," என்றார்.

"ம்."

"யாரோ ஒரு அம்மான்னு சொன்னீங்களாம்."

"பேரு எழுதக் கட்டம் சின்னதா இருந்துச்சு."

"கவனமா ஓட்டினாங்கன்னு எழுதறதுக்கு மட்டும் இடம் இருந்துச்சாக்கும்?"

"இருந்ததை எழுதினேன்."

வீட்டம்மா எழுந்து போனார். போகிற போக்கில் நாற்காலியைத் திரும்பத் தள்ளவில்லை. அது பாதி வழியில் கோணலாக நின்றது. வால்வு அதைப் பார்த்தார். வீட்டம்மா திரும்பி, அவர் பார்ப்பதைப் பார்த்தார். இருவரும் அதைத் தொடவில்லை.

ஜன்னல் இல்லாத அறையில் அவருடைய காலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சாவியைத் தேடி வருகிறவர்களிடம், உங்கள் சாவி என்றால் எத்தனை பல் என்று கேட்கிறார். சரியாகச் சொன்னால், எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்கிறார்.

ஒரு மாதம் கழித்து, ஏதோ கோப்பில் கையெழுத்து வாங்கும் சாக்கில் வெளியே வந்தவர், கிடங்குச் சந்துக்குள் நுழைந்தபோது மணி நாலே கால். சாம்பல் கார் பதினான்காவது கட்டத்தில் இருந்தது. சுற்றறிக்கையை மீறி, முழங்கால் சொடக்கு விட, குனிந்தார்.

முன் சக்கரம் இரண்டு. பின் சக்கரம் ஏழு.

வீட்டம்மா திருப்பக் கற்றுக்கொண்டுவிட்டார். வால்வின் முகத்தில் பெருமை ஒன்று தோன்றியது. ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும். அப்புறம், திருப்பினால் எந்தப் பக்கம் திருப்பியிருப்பார் என்று ஒரு கேள்வி வந்தது. டயரின் பள்ளத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. செம்மண். நகராட்சி எல்லைக்குள் செம்மண் சாலை கிடையாது. மகள் படிக்கிற ஊர்ப் பாதையில் உண்டு. வேறு எங்கெல்லாமோகூட உண்டு. பேனா முனையால் மண்ணைச் சுரண்டி, ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எதிரே சலவைக் கடையிலிருந்து குரல் வந்தது. "வாங்க சார், பாத்து நாளாச்சு! ஒரு டீ சொல்லட்டுமா?"

வால்வு மெல்ல நிமிர்ந்தார்.

"ஏன் கேக்கிறே?" என்றார்.